நாலு ராத்திரி, ஒரு தீவு, 38 பாக்கி

"பார்படாஸா? அது அந்தமானுக்குப் பக்கத்துல இருக்கா சார்?" என்றார் டிராவல்ஸ்காரர்.

பக்கத்தில் இல்லை. அந்தமான் இருக்கிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாதி உலகத்தைத் தாண்ட வேண்டும். சென்னையிலிருந்து லண்டனுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல். அங்கே விமானம் மாறி, அட்லாண்டிக் கடலின் தலைக்கு மேல் இன்னும் சுமார் ஒன்பது மணி நேரம். கரீபியன் தீவுகளெல்லாம் பிரேயரில் நிற்கிற பையன்கள் மாதிரி வரிசையாக நிற்க, ஒரு தீவு மட்டும் கிழக்கே தள்ளித் தனியாக நிற்கும். அதுதான் பார்படாஸ்.

நீளம் 34 கிலோமீட்டர், அகலம் 23. மொத்தப் பரப்பு 431 சதுர கிலோமீட்டர். நம் சென்னை மாநகராட்சியின் பரப்பு 426. அதாவது, நம் கார்ப்பரேஷனை அப்படியே பெயர்த்துக் கடலில் வைத்தால் ஒரு நாடு! ஜனத்தொகை மூன்று லட்சத்துக்கும் குறைவு. தீபாவளி சமயத்தில் ரங்கநாதன் தெருவில் நான் மிதித்த கால்களே அதைவிட அதிகம்.

'சின்ன ஊர், சுருக்கமான டூர், சிக்கல் இல்லாத பிளான்' என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். சிக்கல் சாப்பாட்டு நேரத்தில் வந்தது.

"நானும் வரட்டுமா?" என்றார் அப்பா.

அம்மாவின் கையிலிருந்த ரசக் கரண்டி அந்தரத்தில் நின்றது.

எனக்கும் அப்பாவுக்கும் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை என்றால், "கரண்ட் பில் கட்டியாச்சா?", "ஆச்சு" என்பதோடு சரி. நான் பி.காம். முடித்து, சி.ஏ. பரீட்சையில் மூன்று முறை முட்டிக்கொண்டு, ஒரு ஆபீசில் ஏழு வருஷம் உட்கார்ந்து, ஒருநாள் "இனிமே எழுதிப் பிழைச்சுக்கறேன்" என்று வேலையை விட்டுவிட்டு வந்தவன். அப்பா நாகப்பட்டினத்தில் ஒரு கூட்டுறவு வங்கியில் 34 வருஷம் பேரேடு எழுதியவர். அன்று அவர் சொன்னது ஒரே வாக்கியம். "எழுதிப் பிழைக்கறதுன்னா நானும் அதைத்தானேடா செஞ்சேன்? எனக்கு ஒண்ணாந்தேதி ஆனா சம்பளம் வந்துதே!"

அதற்கப்புறம் கரண்ட் பில்தான்.

"செலவைப் பத்திக் கவலைப்படாதே. உன் கல்யாணத்துக்குன்னு ஒரு எஃப்.டி. போட்டு வெச்சிருந்தேன். அதுவும் முதிர்ந்துடுச்சு, நீயும் முதிர்ந்துட்டே. கல்யாணம்தான் வரலை" என்றார்.

"நீயும் வாயேம்மா" என்றேன், ஒரு பாதுகாப்புக்கு.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உட்கார்ந்து பத்தொன்பது மணி நேரம் தூது போக என்னால ஆகாது. போயிட்டு உருப்படியா வாங்க" என்று ரசத்தை ஊற்றிவிட்டாள்.

பார்படாஸ் என்றதும் அப்பா ஏன் எழுந்து உட்கார்ந்தார் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 1997-ம் வருஷம் மார்ச் மாதம், தலைநகர் பிரிட்ஜ்டவுனில் இருக்கிற கென்சிங்டன் ஓவல் மைதானத்தில் டெஸ்ட் மேட்ச். சச்சின் கேப்டன். ஜெயிக்க வேண்டியது 120 ரன். இந்தியா 81-க்கு ஆல் அவுட். லட்சுமண் ஒருவர்தான் இரட்டை இலக்கத்தைத் தொட்டார், அதுவும் 19. தோற்றது 38 ரன்னில்.

அன்று மார்ச் 31. வங்கியில் வருஷக் கணக்கு முடிக்கிற நாள். "அன்னைக்கு ராத்திரி எங்க பேலன்ஸ் ஷீட்டும் சரியா 38 ரூபாய் உதைச்சுதுடா" என்று அப்பா இன்று வரை சத்தியம் செய்வார். நான் நம்பியதில்லை. கணக்குத் தெரிந்தவர்கள் பொய்யையும் டேலி பண்ணித்தான் சொல்வார்கள்.

*

டூர் போக ஆசைப்படும் அன்பர்கள் இங்கே பென்சிலை எடுத்துக்கொள்ளலாம்.

முதல் அதிசயம், இந்திய பாஸ்போர்ட் இருந்தால் பார்படாஸுக்கு முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை. இரண்டாவது அதிசயம், லண்டன் ஏர்போர்ட்டில் விமானம் மாறுவதற்கு நமக்கு டிரான்சிட் விசா வேண்டும். நியூயார்க் வழியாகப் போனால் அமெரிக்க விசா. கல்யாண வீட்டில் "வாங்க வாங்க" என்கிறார்கள், தெருமுனையில் நிற்பவர் "எங்கே போறீங்க, பத்திரிகை இருக்கா?" என்கிறார். ஆகவே டிக்கெட் எடுப்பதற்கு முன் எந்த ஊர் வழியாகப் போகிறோம் என்று பாருங்கள். அங்கேதான் நேரமும் காசும் போகும்.

அடுத்தது மாதம். ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே புயல் சீசன். 2024 ஜூன் 29-ம் தேதி இதே கென்சிங்டன் ஓவலில் தென்னாப்பிரிக்காவை 7 ரன்னில் ஜெயித்து உலகக் கோப்பையைத் தூக்கினார்களே நம்மவர்கள், அவர்களாலேயே உடனே ஊர் திரும்ப முடியவில்லை. 'பெரில்' என்ற புயல் வந்து ஏர்போர்ட்டை மூடிவிட்டார்கள். கோப்பை கையில், ஆள் ஹோட்டலில். டெல்லி வந்து சேர ஜூலை 4 ஆகிவிட்டது. உலக சாம்பியன்களுக்கே அந்தக் கதி என்றால், எகானமி கிளாஸ் ஆசாமி எம்மாத்திரம்?

டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வானம் பளிச்சென்று இருக்கும். குளிர் தாங்காத வெள்ளைக்காரர்கள் வந்து குவிவதால் வாடகையும் பளிச்சென்று இருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மே மாதத்தைப் பிடித்தோம், 2025-ல். நாலு ராத்திரி.

என்ன பார்ப்பது? ஆபீசில் கற்ற பாவத்துக்கு நான் எக்செல்லில் ஒரு அட்டவணை போட்டேன். குகை, குரங்கு, கலங்கரை விளக்கம், ரம் ஆலை என்று பதினேழு இடங்கள், அரை மணிக்கொரு கட்டம். அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். பென்சிலால் வரிசையாக அடித்துக்கொண்டே போனார். மிஞ்சியவை மூன்று. ஒரு கடல், ஒரு சாப்பாடு, ஒரு மைதானம்.

"ஊர் பார்க்கப் போறியா, ஆடிட்டுக்குப் போறியா?" என்றார்.

ஆறு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் புதுக் கேள்வி அது.

பெட்டி கட்டும்போது ஒரு எச்சரிக்கை. பட்டாளத்து டிசைனில் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக ஒரு டிரவுசர் வைத்திருப்பீர்களே, அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அந்த டிசைன் துணி உடுத்துவது அங்கே சட்டப்படி குற்றம்.

*

விமானத்தை விட்டு இறங்கியதும் கடிகாரத்தை ஒன்பதரை மணி நேரம் பின்னால் தள்ளினோம். "வாழ்க்கையில ஒன்பதரை மணி நேரம் வரவு" என்று அப்பா சந்தோஷப்பட்டார். திரும்பும்போது அதைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நான் சொல்லவில்லை.

டாக்சிகளில் மீட்டர் கிடையாது. ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைக் கேட்டு முடிவு செய்துகொள்ள வேண்டும். ஏறினோம். போகிற வழியில் ஒரு ரவுண்டானா. நடுவில் உயரமான வெண்கலச் சிலை. கறுத்த மனிதர், இரண்டு கைகளையும் தூக்கியிருக்கிறார். கையில் அறுந்த சங்கிலி. 1985-ல் வைத்த விடுதலைச் சிலை. 1816-ல் நடந்த அடிமைக் கலகத்தின் தலைவர் பூசாவின் பெயரைச் சொல்லித்தான் ஜனங்கள் அதைக் கூப்பிடுகிறார்கள்.

அப்பா டிரைவரிடம் கதை கேட்டுக்கொண்டு வந்தார். நான் ஊரில் படித்துவைத்திருந்ததைச் சொன்னேன். 1627-ல் ஆங்கிலேயர் குடியேறி, கரும்பு போட்டு, ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களை விலைக்கு வாங்கி வந்து வேலை வாங்கிய தீவு இது. பிரிட்டன் 1834-ல் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தபோது இரண்டு கோடி பவுண்டு நஷ்ட ஈடு கொடுத்தது, அடிமைகளுக்கு இல்லை, அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு! விடுதலையான அடிமைகளோ, 'தொழில் பழகுகிறார்கள்' என்ற பெயரில் மேலும் நாலு வருஷம் உழைத்தார்கள். அந்த நஷ்ட ஈட்டுக்காக வாங்கிய கடனை பிரிட்டன் அரசு தீர்த்து முடித்தது 2015-ல்.

அப்பா வெகுநேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடனெல்லாம் தீர்த்துட்டான், சரி. யாருக்குச் சேரணுமோ அவனுக்குச் சேரலையேடா" என்றார். பேரேட்டுக்காரருக்கு அது ஜீரணமாகவில்லை.

2021 நவம்பர் 30-ம் தேதி பார்படாஸ் பிரிட்டிஷ் மகாராணியை நாட்டின் தலைமையிலிருந்து விடுவித்துவிட்டுக் குடியரசாகிவிட்டது. அதற்கு முந்தைய வருஷமே தலைநகரில் நின்ற நெல்சன் சிலையை இறக்கிவிட்டார்கள்.

*

தெற்குக் கரையில் சமையலறையோடு ஒரு கெஸ்ட் ஹவுஸ். மறுநாள் பஸ். பார்படாஸில் வழி தவறுவது ரொம்பக் கஷ்டம். பஸ் நிறுத்தப் பலகையில் 'நகரத்துக்கு' என்று இருக்கும், அல்லது 'நகரத்திலிருந்து வெளியே' என்று இருக்கும். அவ்வளவுதான். நம்மூர் பஸ் ஸ்டாண்டுகளில் பி.எச்டி. பண்ணியவர்களுக்கு இது எல்.கே.ஜி.

நீல பஸ் அரசாங்கத்துடையது. மஞ்சள் பஸ் தனியார். இவை தவிர 'இஸட்.ஆர்.' என்று வெள்ளை வேன்கள். காது கிழியப் பாட்டு, "இன்னும் ஒருத்தர் நகருங்க" என்று மடிமேல் மடி. ஏறி உட்கார்ந்ததும் சொந்த ஊர் ஷேர் ஆட்டோ ஞாபகம் வந்து கண் கலங்கியது. எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் நாங்கள் போனபோது ஒரே கட்டணம், மூன்றரை பார்படாஸ் டாலர். இரண்டு பார்படாஸ் டாலர் ஒரு அமெரிக்க டாலருக்குச் சமம். 1975-லிருந்து இந்தக் கணக்கு மாறவில்லை. அமெரிக்க டாலரையே நீட்டினாலும் கடைகளில் வாங்கிக்கொள்கிறார்கள்.

நீல பஸ்ஸில் அப்பா பத்து டாலர் நோட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு, இரண்டு பேருக்கும் ஏழு போக மீதிக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அரசு பஸ்ஸில் சில்லறை கொடுக்கும் வழக்கமே கிடையாது.

"மூணு டாலர்! நூத்தி இருபத்தெட்டு ரூபாய்டா!" இறங்குகிற வரை பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார். நோட்டுப் புத்தகத்தில் 'சஸ்பென்ஸ்' என்று தலைப்புப் போட்டு எழுதிக்கொண்டார்.

கடலுக்கு கார்லைல் பே. பிரிட்ஜ்டவுனிலிருந்து நடந்தே போகலாம். கரைக்குப் பக்கத்திலேயே ஆமைகள் நீந்துகின்றன. இந்த நாட்டில் கடற்கரை எல்லாமே பொதுச் சொத்து. எதிரே எவ்வளவு பெரிய ஹோட்டல் நின்றாலும் அதன் முன்னால் இருக்கிற மணலில் நீங்கள் துண்டை விரிக்கலாம். ஒன்றே ஒன்று, சில மரங்களின் அடியில் சிவப்புப் பெயின்ட் வளையம் போட்டிருப்பார்கள். மாஞ்சினீல் மரம். குட்டி ஆப்பிள் மாதிரி காய்க்கும். காயும் விஷம், பாலும் விஷம். மழைக்கு அதன் கீழே ஒதுங்கினால் சொட்டுகிற தண்ணீரே தோலைப் பொத்துவிடும்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றார். கையில் ஒரு டாலர் நாணயம்.

"இங்க பாரு... நம்ம பறவைக் கோலா!"

நாணயத்தின் பின்பக்கம் இறக்கை விரித்த மீன். நாகப்பட்டினத்துக் கடலில் பறந்து விழுமே, அந்த ஜாதி. பார்படாஸுக்கு அது தேசியச் சாப்பாடு. கூடவே 'கூ-கூ' என்று ஒரு பதார்த்தம். மக்காச்சோள மாவையும் வெண்டைக்காயையும் போட்டுத் தட்டைத் துடுப்பால் கட்டி தட்டாமல் கிளறுவது. அப்பா ஒரு வாய் எடுத்துவைத்துவிட்டு, "களிடா இது! குழம்பும் கோலாவும்தான். இதுக்கா பத்தொன்பது மணி நேரம் வந்தோம்?" என்றார். இரண்டாவது தட்டும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஆயிஸ்டின்ஸ் என்ற மீனவர் ஊரில் திருவிழா மாதிரி கூட்டம். தணலில் மீன், மேடையில் பாட்டு, உள்ளூர்க்காரரும் டூரிஸ்டும் ஒரே பெஞ்சில். மெனுவில் 'டால்பின்' என்று போட்டிருந்ததைப் பார்த்து நான் பதறிவிட்டேன். துள்ளி விளையாடுகிற அந்த டால்பின் இல்லையாம். மாஹி மாஹி என்கிற மீனுக்கு அங்கே அந்தப் பெயர். பயப்படாமல் சாப்பிடலாம்.

*

சனிக்கிழமை மைதானம்.

கென்சிங்டன் ஓவல் வாசலில் கேரி சோபர்ஸ் வெண்கலத்தில் மட்டையை வீசிக்கொண்டு நிற்கிறார். கேட்டில் வயதான காவலர். விஷயத்தைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"தோத்த மேட்சைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்தீங்களா? போன வருஷம் உங்க கேப்டன் இங்க மண்ணைக் கிள்ளி வாயில போட்டுக்கிட்டாரே, எல்லாரும் அந்த இடத்தைத்தான் கேட்கறாங்க!"

"அது இவனுக்கு. எனக்கு 1997" என்றார் அப்பா.

காவலர் விரலை மடக்கி எண்ணினார். "பிஷப் நாலு, ஆம்ப்ரோஸ் மூணு, ரோஸ் மூணு. அன்னைக்கு ஈஸ்டர் திங்கள்கிழமை, எனக்கு லீவு. முழுசாப் பார்த்தேன்."

"எங்க ஊர்ல இயர் என்டிங்" என்றார் அப்பா.

கேட் திறந்தது.

உள்ளே ஒரு ஏமாற்றம் காத்திருந்தது. 2007 உலகக் கோப்பைக்காகப் பழைய ஸ்டாண்டுகளை இடித்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாகக் கட்டிவிட்டார்கள். அப்பா மனசில் இருந்த மைதானத்தில் மிச்சம் இருந்தது நடுவில் இருந்த புல்தரை மட்டும். ஒன்றும் பேசாமல் ஒரு படியில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

"அன்னைக்குக் காலைல ஆபீஸ் கிளம்பறப்போ உன்கிட்ட ஒண்ணு சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

"இல்லப்பா."

"இன்னும் 118 ரன்தான், ஒரு விக்கெட்டும் போகலை. ராத்திரி ஏழரைக்கு ஆரம்பிக்கும். ரெண்டு பேரும் மாடி வீட்டு டி.வி.யில பார்ப்போம். ஜெயிச்சதும் கடைத்தெருவுல ரோஸ்மில்க் வாங்கித் தரேன்னு சொன்னேன். உனக்கு எட்டு வயசு. கணக்கு உதைச்சுது, என்னால எழுந்து வர முடியலை. வீட்டுக்கு வந்தப்போ மணி ஒண்ணரை. நீ மேல போய்ப் பார்க்கவே இல்லையாம். 'அப்பா வரட்டும்'னு திண்ணையில உட்கார்ந்திருந்து, அங்கேயே தூங்கிட்டே."

காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

"எனக்குச் சுத்தமா ஞாபகமே இல்லப்பா."

"உனக்கு எதுக்கு இருக்கணும்? கடன் வாங்கினவனுக்குத்தான் ஞாபகம் இருக்கணும்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேட்ச் தோத்தது அவங்களோட கணக்கு. இது என் கணக்கு. வருஷா வருஷம் மார்ச் 31 வந்தா, கேரி ஓவர் பண்ணிக்கிட்டே வந்தேன்."

நான் வேலையை விட்டதைப் பற்றியும் அங்கேதான் பேசினார். "கோபம் இல்லடா. நான் சம்பளத்துக்காக உட்கார்ந்த ராத்திரி எல்லாம் வீணோன்னு தோணிச்சு" என்றார். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் அவர் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். அவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

வெளியே வந்தால் வாசலில் ஒருத்தர் வண்டியில் ஐஸைச் சீவிக்கொண்டிருந்தார். கிளாஸில் ஐஸ், மேலே சிவப்பு சிரப், அதன் தலையில் கண்டென்ஸ்டு மில்க். 'ஸ்னோ கோன்' என்கிறார்கள். அப்பா இரண்டு வாங்கி ஒன்றை என்னிடம் நீட்டினார்.

ரோஸ்மில்க்தான். கொஞ்சம் லேட், அவ்வளவுதான்.

*

ஆகவே, நீங்களும் ஒரு சின்ன டூர் போவதாக இருந்தால், பதினேழு இடத்துக்கும் அட்டவணை போடுங்கள், தப்பில்லை. அப்புறம் வீட்டில் இருக்கிற பெரியவர் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்துவிடுங்கள். எதை அடிக்கிறார் என்று பார்க்க வேண்டாம். எதை அடிக்காமல் விடுகிறார் என்று பாருங்கள்.

திரும்பும் விமானத்தில் அப்பா நோட்டைப் பிரித்துவைத்துக் கணக்கை முடித்தார். டிக்கெட், வாடகை, டாக்சி, கோலா, ஸ்னோ கோன், எல்லாம் டேலி. சஸ்பென்ஸில் அந்த மூன்று டாலர் மட்டும் உதைத்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். பேனாவை எடுத்து எதிரில் 'தள்ளுபடி' என்று எழுதி ஒரு கோடு போட்டார். 34 வருஷத்தில் ஒரு பைசாவைத் தள்ளுபடி செய்யாத மனுஷர்.

எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. ஏதாவது பேச வேண்டும் போல் இருந்தது. அவர் முந்திக்கொண்டார்.

"ஏண்டா, கிளம்பறதுக்கு முன்னாடி கரண்ட் பில் கட்டினியா?"

கட்டவில்லை.